ஆடியவனுக்கு அரைப்பேர்

கலையை ஆடுவது ஒரு வேலை. கலையை ஆய்வது வேறொரு வேலை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கடன் இருக்கிறதா, இருந்தால் அதை யார் எப்படித் தீர்ப்பது என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி. இதனை அழகியல் சார்ந்த கேள்வியாகப் பலர் பேசியிருக்கிறார்கள். எனக்கு இது முதலில் ஓர் அறக் கேள்வியாகவே படுகிறது.

ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்குப் பல்கலைக்கழக ஆய்வைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பெற்ற சான்றிதழுக்கு மேல் என்னிடம் பட்டம் எதுவும் இல்லை. ஆனால், ஆய்வு எந்த இடத்திலிருந்து தன் பொருளை எடுத்துச் செல்கிறதோ அந்த இடத்தில் நான் இருக்கிறேன். பீலிக்குத் தண்ணீர் எடுக்க வருகிறவர்களைப் பீலிக்கரையில் குடியிருப்பவன் கவனிக்கத்தான் செய்வான். யார் குடத்தைக் கழுவிவிட்டு நிரப்புகிறார், யார் சேற்றைக் கலக்கிவிட்டுப் போகிறார் என்பது அவனுக்குத் தெரியும்.

நம் நாட்டில் நாடகம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். விபுலானந்த அடிகள் 1926 இல் 'மதங்க சூளாமணி'யை வெளியிட்டபோது, நாடகத்தை ஓர் அறிவுத்துறையாகக் கருதிய தமிழர் மிகச் சிலரே. 1950களில் பேராதனையில் நிலைமை மாறத் தொடங்கியது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்களக் கிராமிய நாடகங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். அந்தத் தேடலின் விளைவாக 1956 இல் 'மனமே' மேடையேறியது. அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை அடியாகக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1968) ஆகியவற்றை மாணவர்களைக் கொண்டு தயாரித்தார். மன்னார், மட்டக்களப்புப் பிரதேச நாடக ஏடுகளைப் பதிப்பித்தும் வெளியிட்டார். கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற பொருளில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1970 இல் கலாநிதியானார். வித்தியானந்தனின் கூத்துகளில் மாணவனாக ஆடிய சி. மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து 1983 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆடியவரே ஆய்வாளருமானார்.

நிறுவனங்களும் வளர்ந்தன. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975 இல் யாழ்ப்பாண வளாகத்துடன் இணைந்தது. கல்லடியில் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமானது. கொழும்பில் 2005 இல் கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே எழுந்தது. க.பொ.த. உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடம். இன்று கூத்தைப் பற்றிப் பரீட்சை எழுதலாம், பட்டம் பெறலாம், பட்டத்துக்கு மேற்பட்டமும் பெறலாம்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய போக்கல்ல. கருங்கடலோரத்து ஜோர்ஜியாவின் தலைநகரான திபிலிசியில், அந்நாட்டின் பெருங்கவி ஷோத்தா ருஸ்தாவேலியின் பெயரைத் தாங்கிய நாடக, திரைப்படப் பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. நடிகர்களையும் நெறியாளர்களையும் பயிற்றும் அந்தக் கூரையின் கீழேயே கலை ஆய்வும் நடக்கிறது. ஐரோப்பிய நாடுகள் தம் உயர்கல்வியை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவர ஏற்படுத்திய பொலோஞ்ஞா நடைமுறையில் ஜோர்ஜியா 2005 இல் சேர்ந்தது. இளமாணி, முதுமாணி, கலாநிதி என்ற மூன்று படிகள் அந்த ஒழுங்கில் உள்ளவை. அத்தகைய ஒழுங்குக்குள் வந்த கலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே கேள்வி நின்றது. நடிப்புக்கு எப்படிக் கலாநிதிப் பட்டம் கொடுப்பது? ஒரு நாடகத்தைத் தயாரிப்பதே ஆய்வாகுமா, அல்லது அதைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதினால்தான் ஆய்வா? ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்கள் இன்று தயாரிப்பையும் எழுத்தையும் சேர்த்தே ஆய்வாக ஏற்கின்றன.

ஆய்வு கலைக்கு என்ன கொடுத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது மரியாதையைக் கொடுத்தது. பேராதனைக்கு வருமுன் கூத்து, படித்தவர்களின் கண்ணில் படியாதவர்களின் ஆட்டம். 'கர்ணன் போர்' மேடையேறிய பிறகு அப்படிச் சொல்ல நாக்கூசியது. இவ்விதழின் வாசகர்களுக்கு இதற்கு இன்னோர் உதாரணம் நன்கு தெரியும். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பைப் பற்றிய எம். எம். உவைஸ் அவர்களின் ஆய்வு 1953 இல் நூலாக வரும்வரை, சீறாப்புராணத்துக்கு அப்பால் பலருக்கு எதுவும் தெரியாது. கிஸ்ஸாவும் நாமாவும் மசலாவும் முனாஜாத்தும் பெட்டகங்களில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. ஆய்வாளர் ஒருவர் வீடு வீடாகத் தேடி, பெயர் சொல்லி, பட்டியல் இட்ட பிறகே அது ஓர் இலக்கியப் பரப்பு என்று உலகம் ஒப்புக்கொண்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான பேராசிரியராகவும் அவர் பணியாற்றினார். ஆகவே ஆய்வைப் பழிப்பது என் நோக்கமல்ல. ஆய்வு இல்லாத சமூகம் தன் சொத்தின் விபரம் தெரியாத வாரிசு.

இனி மலைக்கு வருவோம். பேராதனைச் சந்தியைக் கடந்துதான் ரயில் ஹற்றனுக்கு ஏறுகிறது. அந்த ரயில் பாதையின் இருபுறத்துத் தோட்டங்களிலும் மாசி மாதம் பிறந்தால் காமன் கூத்து நடக்கும். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பானை சட்டியோடு சுமந்து வந்த கூத்து இது. அமாவாசைக்குப் பின் பிறை கண்டு கம்பம் நடுவார்கள். விரதம் இருப்பார்கள். ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் கட்டுபவர்கள் ஆண்களே. சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படும் இரவில் தோட்டமே தூங்காது. ரதியின் புலம்பலைக் கேட்டு, பகல் முழுதும் கொழுந்து பறித்த பெண்கள் தம் சொந்த இழப்புகளுக்கும் சேர்த்து அழுவார்கள். 'பொன்னர் சங்கர்', 'அருச்சுனன் தபசு' ஆகியனவும் மலையகத்தின் பெருங்கூத்துகள். இவற்றுக்கெல்லாம் உயிர் கொடுப்பது தப்பு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் விடியப் பிரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டதும் அதே தப்புத்தான்.

பேராதனையில் கூத்து புத்துயிர் பெற்ற அறுபதுகளில் இந்த மலையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. ஒரு கலை மேடையில் கைதட்டல் பெற்ற அதே காலத்தில், சில மைல்களுக்கு அப்பால் இன்னொரு கலையின் ரதியும் மன்மதனும் கப்பலேறுவதற்குப் பதிவு செய்யப்பட்டார்கள். இதைப் பேராதனையின் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆய்வின் கண் எங்கே திரும்புகிறது என்பது அரசியலாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். மலையகப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியவர்களுள் முதன்மையான ஸீ. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்தில் பிறந்து தொழிற்சங்கத்தில் உழைத்த கவிஞர். மலையகப் பாரம்பரியக் கலைகளை எழுதிவைத்த மாத்தளை வடிவேலனும் மலையகத்தின் சொந்த எழுத்தாளரே. பிறகுதான் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளோடு லயங்களுக்கு வரத் தொடங்கினார்கள்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு அவசியமில்லை. அவர் ஒரு மாணவி. அவரும் இன்னொரு தோட்டத்தின் பிள்ளை. தன் லயத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர். எங்கள் பகுதியில் காமன் கூத்தைப் பழக்கும் மாஸ்டர் ஒருவரை நான்தான் அவருக்கு அறிமுகப்படுத்தினேன். ஐம்பத்தெட்டு வயது. மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஓர் இரவு முழுவதற்குமான பாட்டு அத்தனையும் அவர் நெஞ்சில் இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பாடிக் காட்ட மூன்று நாட்கள் கவ்வாத்து மலைக்குப் போகாமல் நின்றார்.

மலையகத்துக்கு வெளியேயுள்ள வாசகர்களுக்கு இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலையும் அதற்கான கூலியும். வேலைக்குப் போனால் செக்றோலில் பேர் விழும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். போகாவிட்டால் பேர் இல்லை. ஆகவே அந்த மாஸ்டருக்கு மூன்று பேர் போனது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "பொஸ்தகத்துல எங்க வாத்தியாரு பேரு வருமா பிள்ளை? நா அவருகிட்ட கத்துக்கிட்டது. அவரு பேரு வந்தா போதும்."

ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியை அந்த மாணவி நேர்மையாக எனக்குக் கொண்டுவந்து காட்டினார். பின்னிணைப்பில் இப்படி இருந்தது: தகவலாளி 3, ஆண், வயது 58, தோட்டத் தொழிலாளி. மாஸ்டரின் பெயர் இல்லை. அவருடைய வாத்தியாரின் பெயரும் இல்லை. ஆனால் கூத்தைப் பற்றி எங்கோ இரண்டு பக்கம் எழுதிய விரிவுரையாளர்களின் பெயர்கள் ஆண்டோடும் பக்க எண்ணோடும் இருந்தன. "தகவல் தந்தவங்கட பேரை மறைக்கணும், அதுதான் ஆய்வு ஒழுக்கம் எண்டு சொல்லித் தந்தாங்க சேர்" என்றார் அந்தப் பிள்ளை. அவர் முகத்தில் இருந்த சங்கடத்தை நான் கண்டேன். மாஸ்டருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கோபப்படவில்லை. "மலைப் பேரும் போச்சு, பொஸ்தகத்துப் பேரும் போச்சு" என்று சிரித்தார். மலைக்கு அவர் போகாததற்குப் பேர் விழவில்லை, அது நியாயம். ஆடியதற்கும் பேர் விழவில்லையே, அது எந்த நியாயம்?

பெயரை மறைக்கும் விதிக்கு ஒரு நல்ல காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நோயாளியைப் பற்றி எழுதும் வைத்தியர் அவர் பெயரை மறைக்கிறார். தோட்ட நிர்வாகத்தைப் பற்றிக் குறை சொன்ன தொழிலாளியின் பெயரை ஆய்வாளர் மறைக்கிறார். மறைக்காவிட்டால் அவருக்குத் தீங்கு வரும். மருத்துவத்திலும் சமூக ஆய்விலும் பிறந்த இந்த விதி மனிதனைக் காப்பதற்கானது. ஆனால் அதைக் கலைஞனுக்கு அப்படியே பொருத்தும்போது என்ன நடக்கிறது? நோயாளி தருவது தகவல். மாஸ்டர் தந்தது தகவல் அல்ல, ஆக்கம். கவிஞனை ஆராய்பவர் எவரும் அவனைத் 'தகவலாளி 1' என்று எழுதுவதில்லை. எழுதத் தெரிந்த கவிஞனுக்குப் பெயரும், எழுதத் தெரியாத கவிஞனுக்கு இலக்கமும் என்றால் அது ஒழுக்கமல்ல. காப்பதற்கென்று வந்த விதி பறிப்பதற்கு உதவுகிறது.

இது எங்கள் மலைக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 1977 இல் விண்ணுக்கு ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களில் பூமியின் ஓசைகளைப் பதித்த தங்கத் தட்டு ஒன்று வைக்கப்பட்டது. அதில் இந்தியாவின் பாடல் ஒன்று உண்டு. பாடியவர் கேசர்பாய் கேர்க்கர் என்று பட்டியல் சொல்கிறது. அமெரிக்காவின் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் பெயரும் இருக்கிறது. ஜோர்ஜியாவின் 'சக்ருலோ' என்ற பாடலும் இருக்கிறது. பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிவரும் அந்நாட்டுக் கிராமிய மரபின் உச்சங்களில் அது ஒன்று. அதற்கு எதிரே பட்டியலில் உள்ளது என்ன? பாடியவர்கள்: ஒரு குழு. சேகரித்தது: மொஸ்கோ வானொலி. அதே தட்டில் பெரு நாட்டின் கலியாணப் பாட்டுக்கும் ஒலிப்பதிவு செய்தவரின் பெயர்தான் உண்டு. பாடிய பெண்ணின் பெயர் இல்லை. விண்வெளிக்குப் போன தட்டிலும் சேகரித்தவருக்கு முழுப்பேர், பாடியவருக்கு அரைப்பேர் கூட இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு 'மனமே'யே சாட்சி. அதன் இசைக்காக சரச்சந்திர பலப்பிட்டியைச் சேர்ந்த நாடகம் ஆசான் சார்ள்ஸ் சில்வா குணசிங்ஹ குருன்னான்சேயை நாடினார். 'மனமே'யின் வரலாற்றைப் பேசுபவர்கள் இன்றும் அவரது பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கிராமத்து ஆசானிடம் கற்றதால் அவர் புகழ் குறையவில்லை.

இன்னும் பழைய முன்மாதிரி ஒன்றும் நம்மிடம் உண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் வாய்வழி வந்த செய்தி ஒவ்வொன்றுக்கும் ஸனதைக் கேட்டார்கள். இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்ற சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத ஒருவர் நடுவில் வந்தால் அந்த அறிவிப்பே பலவீனமானது. இப்னு உமர் (ரழி) அவர்களிடமிருந்து நாஃபிஉ, அவரிடமிருந்து இமாம் மாலிக் என்று வரும் வரிசையை மிகச் சிறந்த வரிசையாக இமாம் புகாரி போற்றினார். அந்த நாஃபிஉ, அடிமையாக இருந்து உரிமை பெற்றவர். அவருடைய பிறப்பையோ தொழிலையோ எவரும் கேட்கவில்லை. நினைவும் நேர்மையும்தான் கேட்கப்பட்டன. வாய்மொழி அறிவைக் கையாள்வதற்கு உலகில் தோன்றிய மிகக் கண்டிப்பான ஆய்வுமுறை ஒன்று, பெயர் இல்லாதவனை நம்ப மறுத்தது. இன்றைய நாட்டாரியல் ஆய்வோ பெயரை அழித்துவிட்டு நம்பச் சொல்கிறது. மாஸ்டர் தன் வாத்தியாரின் பெயரைக் கேட்டபோது, ஆய்வு முறையியல் எதையும் படியாமலே ஸனதைத்தான் கேட்டார் என்பேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வாதத்தை நானே மடக்க வேண்டிய ஓர் இடம் வருகிறது. அதே தோட்டத்தில் தப்படிப்பதில் பெயர்பெற்ற ஒரு முதியவர் இருந்தார். அவரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுத நான் விரும்பியபோது அவருடைய மகன் என் பாடசாலைக்கு வந்தான். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவன். "சேர், எங்கப்பா பேர போட்டுறாதீங்க. தப்படிக்கிறவன் மகன்னு அங்க யாருக்கும் தெரியாது" என்றான். தப்பு எந்தச் சாதியின் தலையில் சுமத்தப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். கலையைக் கொண்டாடுகிறவர்கள் அந்தச் சுமையில் பங்கெடுப்பதில்லை. மேடையில் தப்புக்குக் கைதட்டுபவர், தப்படிப்பவரின் வீட்டில் தேநீர் குடிப்பாரா என்பது இன்னும் எழுதப்படாத ஆய்வு. முதியவரிடம் கேட்டேன். "எனக்குப் பேரு வேணும் சேர். ஆனா அவனுக்கு வேணாம்னா வேணாம். அவந்தானே இனி இருக்கப் போறவன்" என்றார். அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை.

எனவே, பெயரை எப்போதும் போட வேண்டும் என்றும் விதி செய்ய முடியாது. எப்போதும் மறைக்க வேண்டும் என்றும் விதி செய்ய முடியாது. போடுவதோ மறைப்பதோ கலைஞனின் முடிவு என்பதுதான் விதியாக முடியும். இரண்டு விதிகளிலும் உள்ள குறை ஒன்றே: மற்றவரின் பெயரை நம் கையில் உள்ள பொருளாகக் கருதுவது. அது அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவன் அதன் சொந்தக்காரனைக் கேட்காமல் அதைச் செலவழிக்கவும் கூடாது, புதைத்துவிடவும் கூடாது.

பெயரோடு கடன் தீர்ந்துவிடுமா? காமன் கூத்தையொட்டி இலாவணிப் பாட்டு ஒன்று உண்டு. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் கேள்வியும் பதிலுமாகப் பாடும். கலை ஆய்விலும் அப்படி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. எரிந்த கட்சி சொல்கிறது: விடிய விடிய நடந்த கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினீர்கள். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருந்து பார்த்ததைப் படச்சட்ட மேடையில் ஒரு பக்கம் பார்க்க வைத்தீர்கள். விரதம் இருந்து ஆடியதைப் புள்ளி வாங்க ஆட வைத்தீர்கள். பல்கலைக்கழகம் தொட்டது சாம்பலாயிற்று. எரியாத கட்சி சொல்கிறது: தொடாமல் விட்டிருந்தால் அது தானே அழிந்திருக்கும். காலத்தோடு மாறாத கலை எது? கிராமத்து அண்ணாவிமாரும் காலத்துக்குக் காலம் மாற்றித்தானே வந்தார்கள்?

இந்த வழக்கு வெறும் கற்பனையல்ல. கிழக்கில் அது நடந்திருக்கிறது. வித்தியானந்தன் வழியில் மௌனகுரு, கூத்தைச் செம்மைப்படுத்தி நவீன மேடைக்குக் கொண்டுவருவதில் உழைத்தார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த சி. ஜெயசங்கர், கூத்து அது வாழும் ஊரிலேயே, ஆடுபவர்களே கூடிப் பேசி மாற்றிக்கொள்வதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு, மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்து மக்களோடு சேர்ந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்ற முயற்சியில் இறங்கினார். பெண் பாத்திரங்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகின்றன, சாதி எப்படி வருகிறது என்பதெல்லாம் களரியிலேயே கேள்விக்குள்ளாயின. இங்கே ஆய்வு என்பது ஒருவர் வந்து மற்றவரைப் பற்றி எழுதிக்கொண்டு போவதல்ல. எல்லோரும் இருந்து தம்மைப் பற்றித் தாமே யோசிப்பது.

இரண்டு கட்சியையும் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது இது. மாற்றம் கலையை எரிப்பதில்லை. மாற்றும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்பதிலேதான் எரிவதும் எரியாததும் இருக்கிறது. எங்கள் மாஸ்டரும் கூத்தை வெட்டுகிறவர்தான். இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஆடுவதற்கு ஆள் குறைவு. எனவே சில பாத்திரங்களை ஒருவரே கட்டும்படி மாற்றினார். ஊர்வலம் போகும் பாதையைச் சுருக்கினார். ஆனால் ரதியின் புலம்பலில் ஓர் அடியையும் குறைக்கச் சம்மதிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "தூதன குறைச்சா கத கொறையும். ரதிய குறைச்சா சனம் எங்க போய் அழும்?" என்றார். எதை விட்டால் கூத்து நிற்கும், எதை விட்டால் விழும் என்று நாற்பது வருடமாகச் செய்து பார்த்து அறிந்த முடிவு அது. இதை ஆய்வு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் மாஸ்டருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்துவிடலாமா? கௌரவமாகக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு அறிவையும் ஒன்றென்று சொல்வதும் ஒரு வகை முகஸ்துதியே. மாஸ்டரின் அறிவு உடம்பில் இருக்கிறது. அவர் முடிவு சரியா என்று இன்னொரு தோட்டத்து மாஸ்டரோ, நூறு வருடம் கழித்து வரும் ஒருவரோ சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அது எழுத்தாக வேண்டும். ஒப்பிட்டு, சந்தேகித்து, பிழை கண்டு, மற்றவர்கள் திருத்தக்கூடிய வடிவில் வைப்பதுதான் பல்கலைக்கழக ஆய்வின் சிறப்பு. அந்த மாணவியின் ஏட்டில் மாஸ்டருக்கே தெரியாத ஒரு விஷயம் இருந்தது. தமிழகத்தில் பாடப்படும் காமன் பாட்டோடு ஒப்பிட்டு, மலையில் எவை புதிதாகச் சேர்ந்தன என்று அவர் காட்டியிருந்தார். அதை நான் வாசித்துக் காட்டியபோது மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இது நம்ம ஆளுக கட்டுனதா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆய்வு அவருக்குக் கொடுத்த கூலி அந்த ஒரு நிமிடந்தான். ஆனால் அது பெரிய கூலி. அந்த நிமிடம்கூட ஏட்டின் வழியாக முறைப்படி வந்ததல்ல. இடையில் ஒருவன் வாசித்துக் காட்டியதால் வந்தது.

என் வாப்பா தோட்டச் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். லயத்துச் சனம் வாங்கிய அரிசிக்கும் மாவுக்கும் கடன் கொப்பி இருந்தது. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தன்று அவர் அதை உரத்து வாசிப்பார். கடன்பட்டவர் கேட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வார். எழுத வாசிக்கத் தெரியாதவரின் கணக்கை அவருக்கு முன்னால் வாசிக்காமல் மூடக்கூடாது என்பது வாப்பாவின் கண்டிப்பு. ஏழையின் கடனுக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஏழையிடம் பட்ட கடனுக்கு எங்கே கொப்பி?

நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. ஆடியவரிடம் கேட்டு, அவர் விரும்பினால் அவர் பெயரையும், அவருக்குப் பழக்கியவரின் பெயரையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும். நேர்காணலுக்காக மலைக்குப் போகாத நாளின் பேரை ஆய்வு நடத்துபவர் கொடுக்க வேண்டும்; ஆய்வுக்கு நிதி ஒதுக்கும்போதே பிரயாணச் செலவைப் போல அதையும் ஒதுக்கலாம். ஏடு முடிந்ததும் அதன் சாரத்தை, எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தோட்டத்தில் தமிழில் உரத்து வாசிக்க வேண்டும். பிழையிருந்தால் சனம் சொல்லட்டும். பதிவு செய்த ஒலியின் ஒரு பிரதி அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் இருக்கட்டும். பாடியவரின் பேரப்பிள்ளை தன் தாத்தாவின் குரலைக் கேட்கப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கக் கூடாது.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் கேட்ட பாட்டையும் கதையையும் எழுதிவரச் சொல்வது என் வழக்கம். ஒவ்வொன்றின் கீழும் யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்கு யார் சொன்னார் என்று தெரிந்த மட்டும் எழுத வேண்டும். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சில கொப்பிகளில் சங்கிலி பாட்டியோடு நின்றுவிடும். சிலவற்றில் நாலு தலைமுறை தாண்டி, திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் போய் முடியும். ஒரு பிள்ளை, "அம்மாயி பேரு வேணாம்னுச்சு" என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அதற்குள் ஒரு பூ வரைந்து வந்தது. அதற்கும் முழுப் புள்ளி கொடுத்தேன்.

மலையில் அரைப்பேர் போடும்போது கணக்கப்பிள்ளை ஒரு காரணமாவது சொல்வார்: கொழுந்து நிறை குறைவு. காரணம் சரியோ பிழையோ, தராசு அங்கே எல்லோருக்கும் முன்னால் தொங்குகிறது. கலை ஆய்வும் தன் தராசைக் கொண்டுவந்து லயத்து வாசலில் தொங்கவிடட்டும். மூன்று நாள் பாடியவர் அதில் தன் நிறையைத் தானே பார்த்துக்கொள்வார்.